‘விலையைக் குறைத்தால் வாங்குவோம்’... ஸ்பானிஷ் பையர் சொல்வது ஆர்டரா, சும்மா பேச்சா? ஒரே ஒரு ‘ர’ காட்டிக்கொடுக்கும் விஷயம்

தாராபுரத்தில் காலையில் பஸ் ஏறி, கொடுவாய் வழியாக சுமார் 50 கிலோமீட்டர் தாண்டி திருப்பூரில் இறங்கும் ஒரு மெர்ச்சண்டைசரை நினைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸிலேயே போனில் மெயில் வருகிறது. மேலே இரண்டு வரி ஆங்கிலம். கீழே, பையரின் ஆபீஸுக்குள் அவர்களே பேசிக்கொண்ட ஸ்பானிஷ் உரையாடல் அப்படியே ஃபார்வர்ட் ஆகி வந்திருக்கிறது. அதில் ஒரு வரி: ‘ஸி பஹாரன் எல் ப்ரேஸியொ, கொம்ப்ரரீயமொஸ் மாஸ்’. டிரான்ஸ்லேட் ஆப்பில் போட்டால், ‘விலையைக் குறைத்தால் அதிகம் வாங்குவோம்’ என்று தமிழில் வருகிறது.

சந்தோஷமான செய்திதானே? அவசரப்பட வேண்டாம். அந்த வரியில் இருக்கும் ‘பஹாரன்’ என்ற சொல், தமிழ் மொழிபெயர்ப்பில் காணாமல் போய்விட்ட ஒரு தகவலைச் சுமக்கிறது. ஸ்பானிஷ் கற்கும் எல்லோரும் கொஞ்சம் தடுமாறும் இடம் இது. இலக்கணப் புத்தகங்களில் இதற்கு ‘இம்பெர்ஃபெக்ட் சப்ஜங்க்டிவ்’ என்று பெயர். பேரைப் பார்த்து பயப்பட வேண்டியதில்லை. தமிழ் பேசுகிறவர்களுக்கு இதில் ஒரு குறுக்கு வழியே இருக்கிறது.

இப்போ ஏன் ஸ்பானிஷ்?

திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு ஸ்பெயின் புதுசு இல்லை. ஜாரா பிராண்டின் தாய் நிறுவனமான இண்டிடெக்ஸ், ஸ்பெயினின் வடமேற்கில் கலீசியா பகுதியில் அர்தேய்ஷோ என்ற ஊரில் இருந்து இயங்குகிறது. முதல் ஜாரா கடை 1975இல் பக்கத்து நகரமான லா கொருன்யாவில் திறக்கப்பட்டது. மாங்கோ நிறுவனம் பார்சிலோனா பக்கம். இண்டிடெக்ஸ் ஆடை வாங்கும் முக்கிய நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கான வரியை 50 சதவீதம் வரை உயர்த்தியபோது, ஏற்றுமதியாளர்கள் வாயில் அடிக்கடி வந்த சொல் ‘மாற்றுச் சந்தை’. ஐரோப்பா அதில் முதல் வரிசை. ஸ்பெயினோடு நிற்காமல் மெக்சிகோ, கொலம்பியா, சிலி, பெரு என்று லத்தீன் அமெரிக்கா பக்கம் திரும்பினால் அங்கேயும் ஸ்பானிஷ்தான். சுமார் 20 நாடுகளில் ஆட்சி மொழி.

பையர்கள் ஆங்கிலத்தில்தான் எழுதுகிறார்கள், உண்மை. ஆனால் விலை பற்றியும் தேதி பற்றியும் அவர்கள் தங்களுக்குள் என்ன நினைக்கிறார்கள் என்பது ஸ்பானிஷில்தான் இருக்கும். டெக் பேக் ஓரத்தில் எழுதும் குறிப்பு, வாட்ஸ்அப் வாய்ஸ் நோட், இப்படி ஃபார்வர்டில் வால் மாதிரி ஒட்டிக்கொண்டு வரும் பழைய மெயில் எல்லாம் அப்படித்தான்.

முதலில் வடிவம்: கட்டிங், ஸ்டிச்சிங், பிரிண்டிங்

ஸ்பானிஷ் வினைச்சொற்கள் மூன்றே குடும்பம். ‘ஆர்’ என்று முடிபவை, ‘ஏர்’ என்று முடிபவை, ‘ஈர்’ என்று முடிபவை. பாடப்புத்தகங்கள் பேசு, சாப்பிடு, வாழ் என்ற மூன்றை வைத்துச் சொல்லிக்கொடுக்கும். நம்ம ஊருக்கு அதைவிடப் பொருத்தமான மூன்று இருக்கிறது. மூன்றுமே இந்த வடிவத்தில் ஒழுங்காக நடக்கும் சொற்கள்.

வெட்டுவது: கொர்த்தார். தைப்பது: கொஸேர். அச்சடிப்பது: இம்ப்ரிமீர்.

(இந்தக் கட்டுரையில் ஸ்பானிஷ் சொற்களில் எந்த இடத்தில் அழுத்திச் சொல்ல வேண்டுமோ அந்த இடத்தை மட்டும் நெடிலாக எழுதியிருக்கிறோம். இதைக் கொஞ்சம் மனசில் வையுங்கள். பின்னால் இதை வைத்தே ஒரு பெரிய குழப்பம் வரப்போகிறது.)

இனி செய்ய வேண்டியது இவ்வளவுதான். ‘அவர்கள் வெட்டினார்கள்’ என்பதற்கான சொல்லை எடுங்கள்: கொர்த்தாரொன். கடைசியில் இருக்கும் ‘ரொன்’னை வெட்டுங்கள். அந்த இடத்தில் ‘ர’ வையுங்கள். கொர்த்தார. முடிந்தது.

‘தைத்தார்கள்’ என்பது கொஸியேரொன். அது கொஸியேர ஆகும். ‘அச்சடித்தார்கள்’ என்பது இம்ப்ரிமியேரொன். அது இம்ப்ரிமியேர ஆகும். ‘ஏர்’ குடும்பமும் ‘ஈர்’ குடும்பமும் இங்கே ஒரே மாதிரி ‘இயேர’ என்று முடிகின்றன. அதனால் மனப்பாடம் செய்ய வேண்டியது மூன்று இல்லை, இரண்டுதான்.

யார் செய்வது என்பதைப் பொறுத்து வால் மாறும்:

நான்: கொர்த்தார
நீ: கொர்த்தாரஸ்
அவர், அவள், மரியாதையான ‘நீங்கள்’ (ஒருவர்): கொர்த்தார
நாங்கள்: கொர்த்தாரமொஸ்
நீங்கள் எல்லாரும் (ஸ்பெயினில் மட்டும், நெருக்கமானவர்களிடம்): கொர்த்தாரைஸ்
அவர்கள், மரியாதையான ‘நீங்கள்’ (பலர்): கொர்த்தாரன்

கொஸியேர, இம்ப்ரிமியேர இரண்டும் இதே வால்களைத்தான் எடுக்கும்: கொஸியேரஸ், கொஸியேரமொஸ், கொஸியேரன்.

இதில் இரண்டு விஷயம் கவனிக்கணும். ‘நான்’, ‘அவர்’ இரண்டுக்கும் ஒரே சொல். ஸ்பானிஷில் எழுவாயை அடிக்கடி விட்டுவிடுவார்கள். அதனால் ‘கொர்த்தார’ என்று மட்டும் இருந்தால் வெட்ட வேண்டியது யார் என்பது முன்பின் வரிகளைப் பார்த்தால்தான் தெரியும். சந்தேகம் இருந்தால் கேட்டுவிடுவது உத்தமம். இன்னொன்று, ‘நாங்கள்’ வடிவத்தை எழுதும்போது மட்டும் ‘தா’ மேலே ஒரு சாய்கோடு போட வேண்டும். மற்ற ஐந்துக்கும் கோடு கிடையாது.

தமிழிலும் இதேதான் செய்கிறோம், தெரியுமா?

இந்த இடத்தில்தான் குறுக்கு வழி. தமிழில் ‘வெட்டினார்கள்’ என்ற சொல்லில் ‘ஆர்கள்’ஐ எடுத்துவிட்டு ‘ஆல்’ போடுங்கள். வெட்டினால். ‘தைத்தார்கள்’: தைத்தால். ‘அடித்தார்கள்’: அடித்தால். ‘வந்தார்கள்’: வந்தால். ‘போனார்கள்’: போனால்.

நாளைக்கு நடக்கப்போகிற விஷயத்தைப் பற்றிப் பேசும்போதும் தமிழ் இறந்தகாலத்துக்குள் போய்த்தான் சொல்லை எடுக்கிறது. ‘நாளைக்கு மழை வந்தால்’ என்கிறோம். ‘வந்த்’ என்பது இறந்தகால அடி, ஆனால் பேச்சு நாளையைப் பற்றி. ஸ்பானிஷும் அதையேதான் செய்கிறது. கொர்த்தாரொன் என்ற இறந்தகாலச் சொல்லில் இருந்து கொர்த்தார வருகிறது, ஆனால் பேச்சு இன்னும் நடக்காத ஒன்றைப் பற்றி இருக்கலாம். ஆங்கிலம் வழியாக ஸ்பானிஷ் படிப்பவர்களுக்கு ‘எதிர்காலத்துக்கு எதுக்கு இறந்தகாலம்?’ என்ற கேள்வி தலையைக் குடையும். நமக்கு அது குடையக் கூடாது. தினமும் அதைத்தானே பேசுகிறோம்!

இந்த இரண்டு மொழி இலக்கணங்களும் நேருக்கு நேர் உட்காருவது இது முதல் தடவை இல்லை. ஸ்பெயினின் நவார்ரா பகுதியில் பிறந்த பிரான்சிஸ் சேவியர் 1542இல் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்தார். அவருக்குப் பின் வந்த போர்த்துக்கீசியப் பாதிரியார் அன்ரிக் அன்ரிக்கஸ், அதே 16ஆம் நூற்றாண்டில் தமிழுக்கு ஓர் இலக்கணத்தைப் போர்த்துக்கீசிய மொழியில் எழுதினார். லத்தீன் இலக்கணத்தின் அச்சில் தமிழ் வினைச்சொற்களை அடுக்கிப் பார்த்த வேலை அது. ஸ்பானிஷுக்குப் போர்த்துக்கீசியம் அக்கா தங்கை மாதிரி. அவர் அந்தப் பக்கமிருந்து பட்ட பாட்டை நாம் இந்தப் பக்கமிருந்து படுகிறோம்.

சரி, அந்த மெயிலுக்கு வருவோம்

ஸ்பானிஷ்காரர் ‘விலையைக் குறைத்தால் வாங்குவோம்’ என்பதை இரண்டு விதமாகச் சொல்ல முடியும்.

ஒன்று: ‘ஸி பாஹன் எல் ப்ரேஸியொ, கொம்ப்ரரேமொஸ் மாஸ்’. இதில் ‘பாஹன்’ சாதாரண நிகழ்கால வடிவம். ‘குறைப்பார்கள், குறைக்காமலும் போகலாம், இரண்டுக்கும் வாய்ப்பு இருக்கு. குறைத்தால் வாங்குகிறோம்’ என்று பொருள். பேச்சு மேஜைமேல் இருக்கிறது.

இன்னொன்று, நம் மெயிலில் இருப்பது: ‘ஸி பஹாரன் எல் ப்ரேஸியொ, கொம்ப்ரரீயமொஸ் மாஸ்’. இதில் ‘பஹாரன்’ நாம் படித்த ‘ர’ வடிவம். ‘ஒரு பேச்சுக்கு, அவங்க குறைக்கிறாங்கன்னு வெச்சுக்கோங்க, அப்போ இன்னும் கூட வாங்கலாம்’ என்ற தொனி. குறைப்பார்கள் என்று சொல்பவருக்குப் பெரிய நம்பிக்கை இல்லை, அல்லது தன்னைக் கட்டிப்போட்டுக்கொள்ள விருப்பம் இல்லை. கூடவே ‘வாங்குவோம்’ என்பதும் ‘கொம்ப்ரரேமொஸ்’ இல்லை, ‘கொம்ப்ரரீயமொஸ்’. ‘வாங்கலாம்’ என்ற அளவில்தான் நிற்கிறது.

தமிழில் இரண்டுமே ‘குறைத்தால்’தான். டிரான்ஸ்லேட் ஆப்பைக் குறை சொல்லிப் பயனில்லை, நம் மொழியில் அந்த இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வடிவம் இல்லை. குரலிலும், ‘ஒரு பேச்சுக்கு’, ‘வெச்சுக்கோங்க’ மாதிரி ஒட்டுச் சொற்களிலும்தான் அந்த வித்தியாசத்தைக் காட்டுகிறோம்.

அதற்காக ‘ர’ வடிவத்தைப் பார்த்ததும் ‘இது ஆகாத கேஸ்’ என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மரியாதைக்காகவும் ஸ்பானிஷில் இதே வடிவத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆழம் பார்க்கிறார் என்று எடுத்துக்கொள்வதுதான் சரி. அந்த ஒரு வரியை நம்பி நூலுக்கு அட்வான்ஸ் கொடுப்பதுதான் தப்பு. பதிலுக்கு நீங்களும் ஆழம் பார்க்கலாம்: ‘ஸி கொன்ஃபிர்மாரன் ல கந்திதாத், பஹரீயமொஸ் எல் ப்ரேஸியொ’. எண்ணிக்கையை உறுதி செய்தீங்கன்னா விலையைக் குறைக்கலாம். வாக்கும் கொடுக்கவில்லை, கதவையும் சாத்தவில்லை.

ஒரு எச்சரிக்கை. ‘ஸி’க்குப் பின்னாலேயே ‘கொம்ப்ரரீயமொஸ்’ மாதிரி ‘ரீய’ வடிவத்தைப் போடக் கூடாது. ‘ர’ வடிவம் ‘ஸி’யின் பக்கம், ‘ரீய’ வடிவம் அடுத்த பாதியில். ஸ்பெயினின் வடக்கே பாஸ்க் பகுதியில் பேச்சு வழக்கில் இதை மாற்றிச் சொல்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்லலாம், பரீட்சையில் நாம் எழுதினால் மார்க் போகும்.

‘வெட்டச் சொன்னார்’ என்றால் வெட்டியாச்சா?

இந்த வடிவம் அதிகம் வரும் இன்னொரு இடம், முடிந்துபோன ஒரு கோரிக்கை. ‘பீதெ கெ கொர்த்தேமொஸ் மாஸ் பியேஸஸ்’ என்றால் இப்போது கேட்கிறார்: இன்னும் சில பீஸ் வெட்டச் சொல்கிறார். இதையே நேற்று கேட்டிருந்தால் ‘பிதியோ கெ கொர்த்தாரமொஸ் மாஸ் பியேஸஸ்’. முதல் வினை இறந்தகாலத்துக்குப் போனதும், இரண்டாவது வினை ‘ர’ வடிவத்துக்கு மாறுகிறது.

நேற்றைய பேச்சு என்பதால் வேலையும் முடிந்துவிட்டது என்று படித்துவிடும் ஆபத்து இங்கே இருக்கிறது. ‘கொர்த்தாமொஸ்’ என்றால் ‘வெட்டினோம்’. ‘கொர்த்தாரமொஸ்’ என்றால் ‘நாங்கள் வெட்ட வேண்டும் என்று’. நடுவில் ஒரே ஒரு ‘ர’. அந்த வாக்கியம் சொல்வது, கேட்டார் என்பதை மட்டும்தான். கட்டிங் டேபிளில் துணி விரித்தார்களா இல்லையா என்பது அதில் இல்லவே இல்லை. சாம்பிள் அனுப்பச் சொன்னதை சாம்பிள் போய்விட்டது என்று படித்தால் என்ன ஆகும் என்று ஷிப்மென்ட் தேதியோடு ஓடுகிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அப்போ இந்த வடிவம் வந்தாலே ‘நடக்காதது’ என்று அர்த்தமா? அதுவும் இல்லை. ‘மெ அலெக்ரோ கெ யெகார ல முயேஸ்த்ர’ என்றால், சாம்பிள் வந்து சேர்ந்ததில் எனக்கு மகிழ்ச்சி. சாம்பிள் வந்துவிட்டது, கையில் இருக்கிறது. ஆனாலும் ‘யெகார’தான். காரணம், இந்த வாக்கியம் செய்தி சொல்ல வரவில்லை, மனசைச் சொல்ல வருகிறது. ஆசை, கோரிக்கை, சந்தேகம், சந்தோஷம், வருத்தம் என்று ஒருவரின் மனம் வழியாக ஒரு செயலைப் பார்க்கும்போது ஸ்பானிஷ் வினைச்சொல் உடையை மாற்றிக்கொள்ளும். ‘நொ க்ரெயீயமொஸ் கெ இம்ப்ரிமியேரன் என் ஏஸ்த தேல’: இந்தத் துணியில் அச்சடிப்பார்கள் என்று நாங்கள் நம்பவில்லை.

சில சொற்கள் வந்தால் யோசிக்கவே வேண்டாம். ‘முன்பு’ என்ற பொருளில் வரும் ‘ஆந்தெஸ் தெ கெ’ அப்படி ஒன்று. பழைய கதையைச் சொல்லும்போது அதற்குப் பின் ‘ர’ வடிவம் வரும்: ‘ஆந்தெஸ் தெ கெ கொஸியேரன் லஸ் எதிகேதஸ், கம்பியாரொன் எல் கொலோர்’, அதாவது லேபிள் தைக்கிறதுக்கு முன்னாடியே கலரை மாத்திட்டாங்க. இன்னொன்று ‘கோமொ ஸி’, நம்ம ‘மாதிரி’. ‘ஆப்ல கோமொ ஸி த்ரபஹார அகீ’ என்றால், இங்கேயே வேலை பார்க்கிற மாதிரி பேசுகிறார். ‘ஒஹலா’ என்ற சொல்லும் உண்டு. அரபியில் இருந்து வந்தது, ‘இறைவன் நாடினால்’ என்பது அதன் வேர். ‘ஒஹலா யேகெ ஒய்’ என்றால் இன்னிக்கு வந்துடணும், வர வாய்ப்பு இருக்கு. ‘ஒஹலா யெகார ஒய்’ என்றால் இன்னிக்கு வந்தா எவ்வளவு நல்லா இருக்கும், ஆனா எங்கே வரப்போகுது என்ற பெருமூச்சு.

பணம் கொடுப்பாரா, கொடுக்கச் சொன்னாரா?

முன்பு சொன்ன பெரிய குழப்பம் இதுதான். இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள்.

‘தீஹொ கெ பகார எல் பியேர்னெஸ்.’
‘தீஹொ கெ பகரா எல் பியேர்னெஸ்.’

முதலாவது: வெள்ளிக்கிழமை பணம் கொடுக்கும்படி சொன்னார். இரண்டாவது: வெள்ளிக்கிழமை பணம் கொடுப்பதாகச் சொன்னார். பணம் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறது என்பதே மாறிவிடலாம்.

ஸ்பானிஷ் எழுத்தில் இந்த இரண்டு சொல்லுக்கும் எழுத்துகள் ஒன்றே. இரண்டாவதில் கடைசி ‘அ’ மேல் ஒரு சின்னச் சாய்கோடு இருக்கும், அவ்வளவுதான். அந்தக் கோடு இருந்தால் ‘கொடுப்பார்’ என்ற எதிர்காலம், இல்லாவிட்டால் நம்ம ‘ர’ வடிவம். வாட்ஸ்அப்பில் அவசரமாக டைப் செய்யும்போது பல ஸ்பானிஷ்காரர்கள் அந்தக் கோட்டைப் போடுவதில்லை. தமிழில் வேகமாக டைப் செய்யும்போது நாம் புள்ளியை விட்டுவிடுகிற மாதிரிதான். முன்பின் பேச்சு தெரிந்த அவர்களுக்குப் புரிந்துவிடும். வெளியே இருந்து படிக்கும் நமக்கோ ஆப்புக்கோ புரியாது.

வாய்ஸ் நோட்டாக இருந்தால் தப்பித்தோம். ‘பகார’ என்று நடுவில் அழுத்தினால் கொடுக்கச் சொன்னது. ‘பகரா’ என்று கடைசியில் அழுத்தினால் கொடுப்பதாகச் சொன்னது. எழுத்தாக வந்தால், ‘யார் யாருக்குக் கொடுக்கணும்?’ என்று ஒரு வரி திருப்பிக் கேட்டுவிடுங்கள். அதைக் கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

ஒழுங்கற்ற சொற்கள்? பயம் வேண்டாம்

‘ரொன்’னை எடுத்து ‘ர’ வைக்கும் விதிக்கு ஸ்பானிஷில் விதிவிலக்கே கிடையாது. தாறுமாறாக மாறும் சொற்கள்கூட, ‘அவர்கள் செய்தார்கள்’ வடிவத்தில்தான் தாறுமாறு. அதைத் தெரிந்துகொண்டால் மீதி தானாக வரும். துபியேரொன் (வைத்திருந்தார்கள்): துபியேர. இஸியேரொன் (செய்தார்கள்): இஸியேர. ஃபுயேரொன் என்பது ‘போனார்கள்’, ‘இருந்தார்கள்’ இரண்டுக்கும் பொது: ஃபுயேர.

இந்த வழியில் வரும் ‘கிஸியேர’ என்ற சொல்லை மட்டும் இன்றைக்கே மனப்பாடம் செய்துவிடலாம். ‘எனக்கு வேண்டும்’ என்று பட்டென்று சொல்லாமல், ‘எனக்கு இது கிடைச்சா நல்லா இருக்கும்ங்க’ என்று பணிவாகக் கேட்பதற்கு அதுதான். கொங்குத் தமிழில் வாக்கியக் கடைசியில் ஒட்டும் அந்த ‘ங்க’ செய்கிற வேலை மாதிரி.

சில புத்தகங்களில் ‘கொர்த்தார’வுக்குப் பக்கத்தில் ‘கொர்த்தாஸெ’ என்றும் ஒரு வடிவம் இருக்கும். லத்தீனில் இருந்த இரண்டு வேறு வடிவங்கள் ஸ்பானிஷில் ஒரே வேலைக்கு வந்து நின்றுவிட்டன. ஸ்பெயினில் இரண்டும் கேட்கும், தென் அமெரிக்காவில் பெரும்பாலும் ‘ர’ மட்டும்தான். பார்த்தால் புரிந்துகொள்ளுங்கள், பேசும்போது ‘ர’ போதும்.

‘வெட்டியிருந்தால்’ என்று காலம் கடந்து புலம்புவதற்கு ஸ்பானிஷில் வேறு ஏற்பாடு: ‘ஸி உபியேரன் கொர்த்தாதொ’. தமிழில் இதற்கு மட்டும் தனி வடிவம் இருப்பதால் நமக்குக் குழப்பம் வராது.

செர்வாந்தெஸ் நிறுவனம் நடத்தும் ‘தெலெ’ சான்றிதழ்த் தேர்வுக்குப் படிப்பவர்கள் கவனத்துக்கு: இந்தப் பாடம் பி-2 நிலையில் வருகிறது. அந்த நிறுவனத்தின் இந்திய மையம் டெல்லியில் இருக்கிறது. பி-2 வரை போகாதவர்களும் மெயிலைப் படிக்கும் அளவுக்கு இதைத் தெரிந்துகொள்ள ஒரு வாரம் போதும் என்பது நம் கருத்து. பேசுவதற்குக் கூடுதல் நாள் ஆகும்.

பஸ் திருப்பூர் சேர்வதற்குள் மூன்று கணக்கு

1. பின்னலாடைத் தொழிலின் முதல் சொல்லே ‘தெஹேர்’, அதாவது பின்னுவது. ‘பின்னினார்கள்’ என்பது தெஹியேரொன். ‘நாங்கள் பின்ன வேண்டும் என்று கேட்டார்’ எப்படி?

2. ‘ப்ளன்ச்சார்’ என்றால் அயர்ன் பண்ணுவது. ‘அவர்கள் அயர்ன் பண்ணுவதற்கு முன்பே வந்தார்’ என்பதில் அந்த வினை எப்படி வரும்?

3. ‘ஸுபீர்’ என்றால் உயர்த்துவது. ‘ஸி ஸுபியேரன் எல் ப்ரேஸியொ, நொ கொம்ப்ரரீயமொஸ்’ என்று பையர் எழுதியிருக்கிறார். விலையை உயர்த்திவிட்டீர்கள் என்று கோபப்படுகிறாரா?

விடைகள்: ஒன்று, ‘பிதியோ கெ தெஹியேரமொஸ்’. இரண்டு, ‘ஆந்தெஸ் தெ கெ ப்ளன்ச்சாரன்’. மூன்று, இல்லை. இன்னும் யாரும் எதையும் உயர்த்தவில்லை. ‘ஒருவேளை உயர்த்தினால் வாங்க மாட்டோம்’ என்று முன்கூட்டியே சொல்லி வைக்கிறார்.